உடையாத குழாய்

பிள்ளை, நீர் தமிழே? நான் நினைச்சனான். "ஓமம்மா, சாப்பிட்டிட்டன்" எண்டு நீர் போனிலை பொய் சொல்லேக்கையே எனக்கு விளங்கிப் போச்சு. தள்ளி இரும், நானும் இருக்கிறன். முழங்கால் ரெண்டும் சரியில்லை, இந்த பஸ் டிரைவர்மார் ஆள் இருக்கிறதுக்கு முதலே இழுத்துக்கொண்டு போயிடுவினம்.

அந்தா, முன்னுக்கு, கதவடிச் சீற்றிலை மடியிலை பையோடை ஒருத்தர் இருக்கிறார் பாரும். மண்ணிறத் தொப்பி. அவர்தான் என்ரை மனிசன். சோமசேகரம் எண்டு பேர், ஊரிலை தபால் கந்தோரிலை போஸ்ட்மாஸ்டரா இருந்தவர். பக்கத்திலை வாங்கோ எண்டு கூப்பிட்டாலும் வரமாட்டார். பைக்குள்ளை ஒரு மெசின் கிடக்கு, அதை ஆரும் தட்டிப்போடுவினம் எண்ட பயம்.

நீர் எங்கை இறங்கிறீர்? அப்ப எங்கடை தரிப்புக்கு அங்காலைதான். ஒரு உதவி கேக்கட்டே? எங்களோடை இறங்கி ஒரு கடைக்கு வந்து இங்கிலீசிலை ரெண்டு கேள்வி கேட்டுத் தருவீரே? இவருக்கு இங்கிலீசு வடிவாத் தெரியும். ஆனால் வாய் திறக்க வேணுமே. எனக்கு வாய் திறக்கும், இங்கிலீசு வராது. இப்பிடித்தான் எங்கடை சீவியம்.

என்ன கடையோ? கிட்ட வாரும், சொல்லுறன். கஞ்சாக் கடை.

ஐயோ, ஏன் பிள்ளை அங்காலை அரக்கிறீர்? இந்த நாட்டிலை அது கள்ளச் சாமான் இல்லை. எங்களுக்கு டொக்டர் எழுதித் தந்தது. அதுவும் நாங்கள் கஞ்சா வாங்கப் போகேல்லை. கஞ்சா தபாலிலை வீட்டை வருது. ஆயுள் முழுக்க மற்றவைக்குப் பார்சல் குடுத்த மனிசன், இப்ப கதவடியிலை நிண்டு கையெழுத்து வைச்சுக் கஞ்சாப் பார்சல் எடுக்கிறார். நாங்கள் இப்ப போறது குழாய் வாங்க. கண்ணாடிக் குழாய், அடியிலை தண்ணி விட்டு இழுக்கிறது. உடையாத குழாய் ஒண்டு வேணும் பிள்ளை. இந்த முறை அது உடையக் கூடாது. உடைஞ்சால் என்ரை கதை முடிஞ்சுது.

சிரிக்காதையும். நான் முதலிலை இருந்து சொல்லுறன், அப்ப உமக்கு விளங்கும்.

இவர் கதையாத மனிசன். கதை குறைஞ்ச ஆள் எண்டு நினைக்காதையும். கதையே இல்லை. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு என்னை நிமிர்ந்து பாத்திட்டு "சரி" எண்டு ஒரு சொல்லுச் சொன்னவர். அம்மா உள்ளுக்கை வந்து, மாப்பிளை நல்ல அடக்கம் எண்டு சந்தோசப்பட்டா. மூத்தவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளையைப் பாத்திட்டு "நல்லது" எண்டவர். வீடு குண்டிலை போன அண்டைக்கு "நடவும்" எண்டவர். தந்தி அடிச்சு அடிச்சுப் பழகினவர்தானே, ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கட்ட வேணும் எண்ட நினைப்பு உள்ளுக்கை ஊறிப் போச்சு எண்டுதான் நான் நினைக்கிறன்.

கூடாத மனிசன் இல்லை, அதையும் சொல்ல வேணும். குடி இல்லை, ஒருநாள் கை ஓங்கினதில்லை. நான் அவிச்சதை உப்பில்லை எண்டு கூடச் சொன்னதில்லை. அதுதான் பிள்ளை கரைச்சல். உப்பில்லை எண்டாவது சொல்லியிருக்கலாம். நான் கோழியளோடை கதைச்சன், தையல் மெசினோடை கதைச்சன். இஞ்சை வந்து, மகன் வேலைக்குப் போனாப் பிறகு, பிரிட்ஜோடை கதைச்சன். பிரிட்ஜாவது இடைக்கிடை ஒரு உறுமல் உறுமும்.

அப்பிடி இருக்கேக்கை இவருக்கு அக்கி வந்தது. விலாப் பக்கம் முழுக்கக் கொப்புளம். அது மாறிச்சுது, ஆனால் உள்ளுக்கை நோவு மாறேல்லை. சட்டை முட்டினால் நெருப்பு. இவர் வாய் திறந்து சொல்லேல்லை, ஆனால் இரவிரவாப் படுக்காமல் கதிரையிலை இருந்தால் எனக்குத் தெரியாதே? என்ரை மகன் அகிலன் கூட்டிக்கொண்டு போய் எல்லா மருந்தும் குடுத்துப் பாத்தாச்சு. கடைசியா அந்த டொக்டர், நல்ல மனிசி, வெள்ளைக்காரி, கஞ்சாவைப் பாப்பம் எண்டு சொன்னவவாம்.

மகன் அதை வீட்டை வந்து சொல்ல, நான் கதவைப் பூட்டினன். பக்கத்து வீட்டிலை எங்கடை ஆக்கள். எங்கடை குடும்பத்திலை சுருட்டுப் பத்தினவையே வேலிக்கு அங்காலை நிண்டு பத்திப்போட்டு வாய் கொப்பளிச்சு வந்தவை. நான் மாட்டன் எண்டு நிண்டிட்டன். அப்ப அகிலன் பொறுமையா விளங்கப்படுத்தினவன். அம்மா, இது பத்திறது இல்லை. இலையை எரிக்கிறேல்லை, ஒரு மெசினுக்குள்ளை வைச்சுச் சூடாக்கிறது, ஆவி வரும், அந்த ஆவியைத் தண்ணிக்குள்ளாலை இழுத்தால் தொண்டை காயாது, அவ்வளவுதான் எண்டான்.

ஆவியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே? ஆவி எனக்குத் தெரியாதே? நொச்சி போட்டு, வேப்பிலை போட்டு, மஞ்சள் போட்டு, எத்தினை தடிமனுக்கு எத்தினை பேருக்கு ஆவி பிடிச்சு விட்டிருக்கிறன். எனக்கு மனம் ஆறிப் போச்சு. உடனை அலுமாரியைத் திறந்து கம்பளிப் போர்வையை எடுத்தன்.

ஏன் பாக்கிறீர்? ஆவி பிடிக்கிறதெண்டால் போர்வை வேண்டாமே? உம்மடை அம்மா உமக்குச் சும்மா வெளியிலை வைச்சே ஆவி பிடிச்சவ? தலைக்கு மேலாலை மூடி, ஓரத்தைக் காலுக்குக் கீழை செருகி, ஒரு பொட்டு ஆவி வெளியிலை போகாமல் பிடிச்சால்தான் அது உடம்பிலை சேரும். இல்லாட்டி சுவருக்குத்தான் சுகம் வரும், ஆளுக்கு வராது. குழாயோடை வந்த கடதாசியிலை போர்வையைப் பற்றி ஒண்டும் போடேல்லையாம். வெள்ளைக்காரருக்கு ஆவி பிடிக்கத் தெரியாது, நாங்கள் என்ன செய்யிறது.

இவருக்கு அப்ப நோவிலை கை நடுங்கும். குழாயைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். அதாலை நானும் உள்ளுக்கை. கட்டிலிலை ரெண்டு பேரும் முழங்கால் முட்ட எதிரெதிரா இருந்து, நடுவிலை குழாயை வைச்சு, மேலாலை கம்பளி. இவர் இழுப்பார். குளுகுளு எண்டு தண்ணி கொதிக்கிற சத்தம் வரும். இழுத்து விடுற ஆவி எங்கை போறது, உள்ளுக்கைதான் சுத்தும்.

ஒண்டை இப்பவே சொல்லிப்போடுறன், பிறகு நீர் பிழையா நினைக்கக் கூடாது. நான் ஒருநாளும் அதை வாயிலை வைச்சதில்லை. நான் கஞ்சா இழுக்கிற ஆள் இல்லை. உள்ளுக்கை இருந்து சும்மா மூச்சு விடுறன், அவ்வளவுதான்.

முதல் நாள் பின்னேரம் ஒண்டும் தெரியேல்லை. நான் இருந்து கடவுளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன். கொஞ்ச நேரத்தாலை பாத்தால், பிள்ளை, இவர் கதைக்கிறார்.

நான் சத்தியமாச் சொல்லுறன். கதைக்கிறார். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நான் கட்டியிருந்தது பச்சைச் சீலை, மாம்பழக் கரை, அதை நான் கீழை ஊசி குத்தி நீளங் குறைச்சுக் கட்டியிருந்தனான், அது உட்படச் சொல்லுறார். நான் குடுத்த தேத்தண்ணியிலை சீனி இல்லாமல் இருந்ததாம், பதட்டத்திலை போட மறந்திட்டனாம். எனக்கு அண்டைக்கு நெஞ்சு என்ன பாடுபட்டதெண்டு, உள்ளுக்கை இருந்து பாத்த மாதிரி அப்பிடியே சொன்னவர் பிள்ளை. நான் அழுதன், பிறகு சிரிச்சன். பிறகு ரெண்டு பேருக்கும் பசி வந்து, ஒரு பெரிய பக்கற் மிக்சரை முடிச்சுப்போட்டுத்தான் எழும்பினது. அண்டைக்கு இவர் படுத்து நித்திரை கொண்டவர். நானும் அப்பிடி ஒரு நித்திரை கொண்டதில்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஆவி. ஒவ்வொரு பின்னேரமும் கதை. நான் ஏழாம் வகுப்பிலை பூசணிக்காய் கீறிப் பரிசு வாங்கினதை இவர் ஒருநாள் எடுத்துவிட்டார். அதை நான் இவருக்குச் சொன்ன ஞாபகமே இல்லை. என்ரை அம்மா சாகிறதுக்கு முதல் எனக்குக் காதுக்கை சொன்ன ஒரு விசயம், அது கூட இவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் திகைச்சுப் போனன். பாரும், இந்த மனிசன் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் என்னைப் பற்றி எல்லாத்தையும் உள்ளுக்கை சேத்து வைச்சிருந்திருக்குது. எனக்கு அந்தக் கதை வேணும் பிள்ளை. வேறை ஒண்டும் வேண்டாம். இவ்வளவு காலம் பாத்திருந்து வந்த கதை, அது நிண்டு போனால் நான் தாங்கமாட்டன்.

இனித்தான் குழாய்க்கு வாறன். அந்த முதல் குழாய், மகன் வாங்கித் தந்தது, கனகாலம் நிக்கேல்லை. இவர் ஏதோ ஒரு பகிடி சொல்ல, நான் கை தட்ட, கழுத்திலை பட்டு முறிஞ்சு போச்சு. மகன் ரெண்டாவது வாங்கித் தந்தவன். அது நான் கழுவேக்கை போச்சு. உள்ளுக்கை பிசின் மாதிரிக் கறுப்பாய்ப் பிடிச்சிருந்தது, நான் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பாலை ஒரு உரஞ்சு உரஞ்சினன். எங்கடை பித்தளைக் குத்துவிளக்கு அதுக்கு நிண்டு பிடிக்கும். இது கையிலேயே ரெண்டாப் போச்சு. இனி நீங்கள் வாங்க வேண்டாம், ஒரு பாத்திரம் எப்பிடி வாங்கிறதெண்டு நான் காட்டுறன் எண்டு சொல்லி, மகனோடை நானே கடைக்குப் போனன்.

அந்தக் கடையிலை நிக்கிற தம்பி, வெள்ளைக்காரன்தான், ஆனால் தாடியும் குடுமியும் காதிலை கடுக்கனும் வைச்சு எங்கடை கோயில் ஐயர் மாதிரி இருப்பான். கண்டவுடனை எனக்குக் கும்பிட வேணும் போலை இருந்தது. கண்ணாடி அலுமாரி நிறையக் குழாய். மண்டையோட்டு உருவம், பாம்பு உருவம், ஒரு இடத்திலை எட்டுக் கால் மிருகம். ஒண்டு யானைத் தலை, தும்பிக்கையிலை வாய் வைச்சு இழுக்கிறதாம். அதை மட்டும் கீழ்த் தட்டிலை வைக்காதையுங்கோ, மேலை வையுங்கோ எண்டு மகனைச் சொல்லச் சொன்னன். மகன் வெக்கத்திலை சொல்லேல்லை. நானே எடுத்து மேல் தட்டிலை வைச்சுப்போட்டு வந்தன்.

நான் கேட்டது ஒண்டுதான். எது கனகாலம் நிக்கும்? குடுமித் தம்பி பொறுமையாச் சொன்னவன். வடிவைப் பாக்கக் கூடாது, கண்ணாடி தடிப்பா இருக்க வேணும், ஆய்வுகூடத்திலை பாவிக்கிற சாதிக் கண்ணாடி எண்டால் சூட்டுக்கு வெடிக்காது. அடி அகலமா இருக்க வேணும், தட்டுப்பட்டால் ஆடும், ஆனால் விழாது. உள்ளுக்கை வளையம், கிளை எண்டு வேலைப்பாடு கூடினால் அதுதான் முதல் முறியும், கழுவவும் ஏலாது. மெசின் பூட்டுற வாய் தனியாக் கழரக் கூடியதா இருந்தால், அது முறிஞ்சாலும் அதை மட்டும் மாத்தலாம். எல்லாம் நியாயமான கதை. எங்கடை பாத்திரக் கடைக்காரர் கூட இவ்வளவு சொல்லமாட்டினம்.

பிறகு நான் என்ரை முறைப்படி பாத்தன். ஒவ்வொண்டா எடுத்து மோதிரத்தாலை தட்டிக் காதிலை வைச்சுக் கேட்டன். ஓட்டை இருந்தால் சத்தம் காட்டிக் குடுத்திடும். லைட்டுக்குப் பிடிச்சுப் பாத்தன். தண்ணி விட்டுக் கவிட்டுப் பாத்தன். கடைக்கு வந்திருந்த பெடியள் எல்லாம் சாமான் வாங்கிறதை விட்டிட்டு என்னைச் சுத்தி நிண்டு பாத்தவங்கள். ஒருத்தன் தன்ரை கையிலை கிடந்ததையும் தட்டிப் பாக்கச் சொல்லித் தந்தவன். அதிலை கீறல் இருந்தது, நான் சொன்னன், அவன் திருப்பி வைச்சிட்டான். குடுமித் தம்பிக்கு என்னிலை மரியாதை வந்தது அண்டைக்குத்தான்.

ஒண்டு தெரிஞ்செடுத்தன். நல்ல கனம், நல்ல நாதம். வெறும் பாத்திரமா வீட்டுக்குள்ளை கொண்டு வரக் கூடாதுதானே, வாசலிலை வைச்சு அதுக்குள்ளை ஒரு பிடி சீனி போட்டுத்தான் உள்ளுக்கை கொண்டு வந்தன். சாமி படத்துக்கு முன்னாலை ரெண்டு நாள் வைச்சன். மூண்டாம் நாள் சீனியைத் தட்டிக் கொட்டிப்போட்டுத் தண்ணி விட்டுக் குடுத்தால், கீழ்க் குழாய்க்குள்ளை சீனி பாணியாகி அடைச்சுப் போச்சு. இவர் கன்னம் குழி விழ இழுக்கிறார், ஒண்டும் வரேல்லை. ஒரு முறை பலமா இழுக்க, ஆவிக்குப் பதிலா ஒரு எறும்பு வந்தது.  இவர் எறும்பை எடுத்து ஜன்னலிலை விட்டவர். நான் சீனியை இளக்க வேணும் எண்டு அகப்பைக் காம்பாலை குத்தினன். அடி போச்சு.

அதோடை மகன் ரப்பர்க் குழாய் வாங்கிக்கொண்டு வந்தான். எறிஞ்சாலும் உடையாதாம். உடையாதுதான், எறிஞ்சு பாத்தன். ஆனால் அந்த மணம், பிள்ளை, பாற்போத்தல் சூப்பி அவிச்ச மணம்.  அதாலை நான் போர்வைக்கு வெளியிலை கதிரையிலை இருந்தன், இவர் தனிய உள்ளுக்கை இருந்து இழுத்தவர். நம்புவீரே, அந்தக் கிழமை முழுக்க இவர் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. போர்வைக்குள்ளாலை குளுகுளு எண்டு தண்ணிச் சத்தம் மட்டும்தான். அப்பவே எனக்கு விளங்கிப் போச்சு, ரப்பருக்குள்ளாலை வாற ஆவியிலை சத்து இல்லை எண்டு. தூக்கி எறிஞ்சிட்டன்.

பிறகு எவர்சில்வரிலை செய்விச்சன். எங்கடை ஆள் ஒருத்தர், கோயிலுக்கு உண்டியல் செய்து குடுக்கிறவர், அவரிட்டை ஒரு தண்ணிக் கூசாவைக் குடுத்துக் குழாய் ஒட்டுவிச்சு, பாத்திரத்திலை பேர் வெட்டுற வழமைப்படி இவரின்ரை பேரையும் வெட்டுவிச்சன். என்ன உறுதி! இந்த பஸ் ஏறினாலும் நெளியாது. ஆனால் உள்ளுக்கை தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு பாக்க ஏலாது. நான் கண்மட்டத்திலை விட்டன். இவர் இழுக்க, தண்ணி முழுக்க வாய்க்கை வந்திட்டுது. துப்பக் கூடாதே? விழுங்கிப்போட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு இருந்தவர். கண்ணாடிதான் சரி எண்டு அண்டைக்குத்தான் ஒப்புக்கொண்டன். மகன் பேசிப் பேசி இன்னொரு கண்ணாடிக் குழாய் வாங்கித் தந்தவன். அந்தக் கூசா இப்ப குசினியிலை நிக்குது, ரசம் விட நல்லம்.

ஓம், ஓம், சுருக்கிச் சொல்லுறன், இன்னும் நாலு தரிப்பு இருக்கு.

போன மாதம் மகன் ஒரு வேலை பாத்தான். பின்னேரத்திலை அப்பா எப்பிடி இருக்கிறார் எண்டு டொக்டர் கேட்டவவாம். நான்தானே சொல்லியிருக்கிறன், நல்லாக் கதைக்கிறார் எண்டு. அவனுக்கு நம்பிக்கை இல்லை. தன்னோடை ஒரு சொல்லுக் கதையாத தகப்பன் அம்மாவோடை மணிக்கணக்காக் கதைக்கிறாரோ எண்டு, போனை ரெக்கோடிலை போட்டுக் கட்டில் தலைமாட்டிலை வைச்சிட்டுப் போனவன். அண்டைக்கு இவர் கதைச்ச கதை! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலா நொந்தது.

அடுத்த நாள் போட்டுக் காட்டினான். பிள்ளை, அதிலை முழுக்க என்ரை குரல். பச்சைச் சீலையைப் பற்றி என்ரை குரல் சொல்லுது, பூசணிக்காயைப் பற்றி என்ரை குரல் சொல்லுது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ஓ, அதுவோ" எண்டு என்ரை குரல் கேக்குது, பிறகு சிரிக்குது. இடைக்கிடை குளுகுளு. ஒரு இடத்திலை மட்டும் இவர் "ம்" எண்டவர். அகிலன் என்னைப் பாத்த பார்வை, எனக்கு இப்பவும் பத்துது. "அம்மா, அப்பா ஒண்டும் கதைக்கேல்லை, நீங்கள்தான் தனியக் கதைக்கிறியள்" எண்டான்.

நான் சொன்னன், மோனை, உன்ரை போனிலைதான் பிழை. தடிச்ச கம்பளி, அதுக்கு வெளியிலை போன். அப்பாவுக்குச் சின்னக் குரல், அது எப்பிடி வெளியிலை வரும்? என்ரை குரல் பெரிசு, அது வந்திருக்கு. நான் மறுமொழி சொல்லுறன் எண்டால் ஆரோ கேட்டிருக்க வேணும்தானே? கேள்வி இல்லாமல் மறுமொழி வருமே?  அவன் தகப்பனைக் கேட்டான், அப்பா, நீங்களே சொல்லுங்கோ எண்டு. இவர் தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருந்தவர். ஒரு சுளை எனக்குத் தந்தவர், ஒரு சுளை அவனுக்குக் குடுத்தவர். அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு அவன் இந்தக் குழாயை நிப்பாட்டத்தான் நிக்கிறான். போன கிழமை கடைசிக் குழாயும் உடைஞ்சுது. இவர் என்னவோ கதைக்க, அந்தக் காலத்திலை நான் வலைப்பந்து எறிஞ்சது எப்பிடி எண்டு நான் எழும்பிக் காட்ட, போர்வையோடை சேத்து எல்லாம் நிலத்திலை. அண்டையிலை இருந்து வீட்டிலை சத்தமே இல்லை. நானும் பழையபடி பிரிட்ஜைப் பாத்தன் பிள்ளை. அதோடையும் கதைக்க மனம் வரேல்லை.

இண்டைக்குக் காலமை டொக்டரிட்டை போனது அந்த விசயமாத்தான். மகன் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனவன். நாக்குக்குக் கீழை விடுற சொட்டு மருந்து இருக்காம், குழாயும் வேண்டாம், போர்வையும் வேண்டாம், ஒரு சொட்டு, முடிஞ்சுது. போர்வை இல்லாட்டிக் கதை எங்காலை? டொக்டர் இவரைப் பாத்து, நோவு இப்பவும் இருக்கோ எண்டு கேட்டவ. இல்லை எண்டுதான் சொல்லுவார் எண்டு நான் நினைச்சன். ஏனெண்டால் வீட்டிலை அரிசி மூட்டை தூக்கிறார், ஸ்னோ அள்ளுறார், அந்த விலாப் பக்கம் சரிஞ்சுதான் படுக்கிறார். ஆனால் பிள்ளை, இவர் என்னை ஒருக்காப் பாத்திட்டு, "இருக்கு" எண்டார்.

பாரும். இவ்வளவு நாளும் நான் கவலைப்படுவன் எண்டு எனக்குத் தெரியாமல் மறைச்சிருக்கிறார். டொக்டருக்குத்தான் உண்மை வந்தது. எனக்கு என்னிலையே கோவம் வந்தது. நோவோடை இந்த மனிசனை ஸ்னோ அள்ள விட்டிருக்கிறன்.

அப்ப சொட்டு மருந்தே எழுதுறன் எண்டு டொக்டர் பேனையை எடுத்தவ. இவர் கையை நீட்டி மறிச்சார். "நோ டொக்டர். பைப்." எண்டார். இங்கிலீசிலை, தெளிவா! அகிலன் வாயைத் திறந்தபடி இருந்தான். டொக்டர் சிரிச்சுப்போட்டு, சரி, வாற மாதம் பாப்பம், அது வரைக்கும் ஒரு குழாய் உடையாமல் இருந்தால் அதையே வைச்சிருங்கோ எண்டா. உடைஞ்சால் சொட்டு. காரிலை வரேக்கை மகன் சொன்னான், இனி நான் குழாய் வாங்கித் தரமாட்டன், இருக்கிறதை வைச்சுச் சமாளியுங்கோ எண்டு. இருக்கிறது எங்கை? எவர்சில்வர்க் கூசா ஒண்டுதான். எங்களை பஸ் தரிப்பிலை இறக்கிப்போட்டு அவன் வேலைக்குப் போனான். நாங்கள் வீட்டை போறம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பான். நான் வீட்டுப் பக்கத்து பஸ்ஸிலை ஏறப் போக, இவர் என்ரை கையைப் பிடிச்சு இந்த பஸ்ஸிலை ஏத்தினவர். மெசினைக் காலமையே பைக்குள்ளை வைச்சு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் எண்டது அப்பதான் எனக்குத் தெரியும். குழாயின்ரை வாய்க்குப் பொருந்துதோ எண்டு பாக்க மெசின் வேணும்தானே. எல்லாம் யோசிச்சுத்தான் வந்திருக்கிறார்.

இப்ப விளங்குதே, ஏன் உம்மைக் கூப்பிடுறன் எண்டு? குடுமித் தம்பியை நீர் வடிவாக் கேக்க வேணும். தம்பி, இது சும்மா ஒரு மாதம், ரெண்டு மாதம் நிக்கிற சாமான் எண்டால் வேண்டாம், போர்வைக்குள்ளை இருட்டிலை ரெண்டு பேர் நடுவிலை நிக்க வேணும், ஒருத்தருக்குக் கை நடுக்கம், மற்ற ஆள் கொஞ்சம் கை வீசிக் கதைக்கும், எங்கடை காலம் மட்டும் இது நிக்குமோ எண்டு கேளும். எங்கடை காலம் இன்னும் எவ்வளவு எண்டு அவன் கேட்டால் கனக்க இல்லை எண்டு சொல்லும். இவ்வளவு பிந்தி வந்த கதை, கொஞ்ச நாள் எண்டாலும் நிண்டு கேக்க வேணும் எனக்கு.

என்ன பிள்ளை, நீரும் அப்பிடிப் பாக்கிறீர்? அகிலன் பாத்த மாதிரியே பாக்கிறீர். நான்தான் கதைக்கிறன் எண்டு நீரும் நினைக்கிறீர், என்ன? சரி, எனக்குக் கோவம் இல்லை. போனைக் கேட்ட எவருக்கும் அப்பிடித்தான் இருக்கும். எங்கடை தரிப்பும் வந்திட்டுது, மணியை அடியும். பிடிச்சு எழும்பும். இவரும் எழும்பிட்டார். நீரே நேரிலை கேளும்.

இஞ்சேருங்கோ! கேக்குதே? இந்தப் பிள்ளை எங்களோடை கடைக்கு வருது. அதுக்கு முதல் பிள்ளைக்கு ஒண்டைச் சொல்லுங்கோ. அண்டைக்கு அகிலனுக்குச் சொல்லாமல் விட்டதை இப்ப சொல்லுங்கோ. போர்வைக்குள்ளை கதைக்கிறது ஆர்? நீங்களோ, நானோ?

"நான்தான் பிள்ளை. நான்தான் கதைக்கிறனான். இவ பாவம், கேட்டுக்கொண்டு இருப்பா."

கேட்டீரே? எத்தினை சொல்லுக் கதைச்சவர், கேட்டீரே? அதுவும் போர்வை இல்லாமல்!